டீசலா, கரண்டா? ஒரு பஸ் கணக்கு

2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பஸ்கள் ஓடத் தொடங்கின. "இதெல்லாம் கட்டுப்படியாகுமா?" என்று காசிமேட்டில் கேட்காதவர் இல்லை. வாங்க, ஒரு மனக்கணக்கு போடுவோம்.

2025-ல் டீசல் லிட்டர் சுமார் 92 ரூபாயாக இருந்தது. நெரிசலில் லிட்டருக்கு 4 கி.மீ. கிடைக்கிறது என்று வையுங்கள். கி.மீ.க்கு 23 ரூபாய். அதே தூரத்துக்கு மின்சாரப் பஸ் ஒன்றேகால் யூனிட் இழுத்தால், யூனிட் 8 ரூபாய் வீதம் 10 ரூபாய்தான். நாளைக்கு 200 கி.மீ. ஓடினால் 2,600 ரூபாய் மிச்சம். ஆயில் மாற்றும் செலவும் குறைவு.

ஆனால், பஸ்ஸின் விலை அதிகம். பேட்டரியே அதில் பெரும்பங்கு. அதனால்தான் மாநகர் போக்குவரத்துக் கழகம் இவற்றைச் சொந்தமாக வாங்கவில்லை. பஸ், டிரைவர், பராமரிப்பு ஒப்பந்த நிறுவனத்துடையது. கண்டக்டர் மட்டும் கழகத்தவர். ஓடும் கி.மீ.க்கு இவ்வளவு என்று கழகம் பணம் கொடுக்கும். காலியாக ஓடினாலும் கொடுத்தாக வேண்டும்! நேரத்துக்கு வந்து, நிரம்பி ஓடினால்தான் மிச்சம். டிரைவர் வேலை தனியாருக்குப் போவதைத் தொழிற்சங்கங்கள் எதிர்க்கின்றன.

நம்ம பக்கத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பஸ் புகை விடாது. ஆனால், கரண்டுக்கு நிலக்கரி எரிவது அத்திப்பட்டில். சாம்பல் சேர்வது கொசஸ்தலை ஆற்றில், மீனவர் வலையில். பணிமனைக் கூரைகளில் சோலார் தகடுகள் வந்தால் அந்தச் சுமையும் கொஞ்சம் குறையும். அதையும் சேர்த்தே கேட்போம்.