மூட்டையில் வந்த விருந்தாளி

ஊருக்குப் போய்விட்டு டாக்குரியா திரும்பும் எந்தத் தமிழ்க் குடும்பத்தின் மூட்டையையும் பிரித்துப் பாருங்கள். முறுக்கு, அப்பளம், காப்பிப் பொடி இவற்றுக்கு நடுவே ஈரத்துணியில் சுற்றிய ஒரு செடிக் கொம்பு கட்டாயம் இருக்கும். லேக் மார்க்கெட்டில் காசு கொடுத்தால் கிடைக்காத செடியா? இருந்தாலும் அம்மா வீட்டுக் கறிவேப்பிலை, அத்தை வீட்டு அடுக்குச் செம்பருத்தி என்றால் அதன் மதிப்பே தனி.

சில வருஷங்களுக்கு முன் நானும் அப்படித்தான் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு செம்பருத்திக் கொம்பைக் கொண்டுவந்து பால்கனியில் வைத்தேன். கணுக்களில் வெள்ளையாக ஏதோ பஞ்சு ஒட்டியிருந்தது. துணியின் நூல் என்று நினைத்து விட்டுவிட்டேன். இரண்டு மாதத்தில் செடி முழுதும் மாவு தூவியது போலாகி, இலை சுருண்டு, மொட்டு உதிர்ந்தது. அதோடு போகவில்லை. கீழ்வீட்டு மாஷிமா காளி பூஜைக்கென்று பிள்ளை போல வளர்த்து வந்த ஜபா செடிகள் நான்கும் ஒன்றன்பின் ஒன்றாகக் கருகின. அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "உன் விருந்தாளி என் வீட்டிலும் சாப்பிட வந்துவிட்டாரம்மா" என்று மட்டும் சொன்னார். இரண்டு வசவு வசைந்திருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

அந்த விருந்தாளிக்கு மாவுப்பூச்சி என்று பெயர். இந்தக் குடும்பத்தில் பல வகை உண்டு. அவற்றில் ஒன்றான பப்பாளி மாவுப்பூச்சி, மெக்ஸிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் பிறந்தது. 2008-ஆம் வருஷம் ஜூலை மாதம் கோயம்புத்தூரில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த இரண்டு வருஷங்களில் கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரங்களில் பப்பாளித் தோட்டங்களையும், பட்டுப்புழுவுக்குப் போடும் மல்பெரியையும், மரவள்ளியையும் சூறையாடிவிட்டது. சேலத்து ஜவ்வரிசியில் வடாம் இடுகிற நாம் இதை யார் வீட்டு இழவோ என்று இருந்துவிட முடியாது.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இந்தப் பூச்சியின் பெண்ணுக்குச் சிறகே கிடையாது. குஞ்சுகளைக் காற்று கொஞ்ச தூரம் கொண்டுபோகும். தேன் போன்ற கழிவுக்கு ஆசைப்பட்டு எறும்பு காவல் காக்கும், அவ்வளவுதான். கடலைத் தாண்ட அதனால் ஆகாது. தாண்ட வைத்தவர்கள் மனிதர்கள். செடியிலும் பழத்திலும் ஒட்டிக்கொண்டு, நம் கூடையிலும் பெட்டியிலும் டிக்கெட் இல்லாமல் பிரயாணம் செய்தது.

வந்த இடத்தில் இவ்வளவு ஆட்டம் போடுவது எப்படி? பிறந்த மண்ணில் அது சாதுவாகத்தான் இருந்தது. ஆயிரமாயிரம் வருஷங்களாக அங்கே அதைத் தின்னும் வண்டுகளும், அதன் உடம்புக்குள் முட்டையிடும் சின்னஞ்சிறு குளவிகளும் அதனோடு சேர்ந்தே வளர்ந்து வந்திருக்கின்றன. பூச்சி ஒரு தந்திரம் கற்றால் குளவி மறுதந்திரம் கற்கும். இந்தப் பங்காளிச் சண்டையில் இரண்டு பக்கமும் அளவு மீறாமல் இருந்தது. கப்பலேறியபோது பூச்சி மட்டும் ஏறியது, குளவி ஏறவில்லை. கேட்பாரில்லாத ஊரில், ஒரு தாய் நூற்றுக்கணக்கில் முட்டையிடும் பூச்சி என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மருந்தடித்தால் தீராதா என்று கேட்கலாம். அடித்துப் பார்த்தார்கள். பூச்சியின் மேலுள்ள மெழுகுப் பூச்சு மருந்தை உள்ளே விடுவதில்லை. மாறாக, அதைத் தின்ன வந்த ஒன்றிரண்டு உள்ளூர் வண்டுகள்தான் செத்தன. எந்த மருந்துக்கும் தப்பிப் பிழைப்பவை சில இருக்கும். அடுத்த தலைமுறை அவற்றின் வாரிசுகள்தாம். பரிணாமம் என்று புத்தகத்தில் படித்ததெல்லாம் நம் பூந்தொட்டியிலேயே நடக்கிறது.

கடைசியில் வழி காட்டியது அந்தப் பழைய பங்காளிதான். பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சிகள் ஆய்வு நிறுவனத்தார் 2010-ல் போர்ட்டோரிக்கோ தீவிலிருந்து மூன்று வகைக் குளவிகளைத் தருவித்து, நம் நன்மைப் பூச்சிகளுக்குத் தீங்கு செய்யுமா என்று முதலில் சோதித்து, பிறகு தமிழ்நாட்டு வயல்களில் விட்டார்கள். அவற்றுள் அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவி, கடுகைவிடச் சிறியது, சில மாதங்களிலேயே மாவுப்பூச்சியை அடக்கிவிட்டது. மரவள்ளிக்கென்றே தனியாக இன்னொரு மாவுப்பூச்சி 2020-ல் கேரளத்தில் தலைகாட்டித் தமிழ்நாட்டுக்கும் பரவியபோது, ஆப்பிரிக்காவில் அதே பூச்சியை வென்ற குளவியைத் தருவித்தார்கள்.

நம் கல்கத்தாவுக்கும் இந்தக் கதையில் பழைய பங்கு உண்டு. சாயத்துக்காகச் சிவப்புச் சாறு தரும் ஒரு பூச்சியை 1795-ல் பிரேசிலிலிருந்து கப்பலில் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார்கள். கோரமண்டல் எக்ஸ்பிரஸ் இன்று வந்து நிற்கும் ஷாலிமாரிலிருந்து அதிக தூரமில்லாத சிப்பூர் தாவரவியல் தோட்டத்தில் அதை வளர்த்து, பின்பு சென்னைக்கும் அனுப்பினார்கள். கம்பெனியார் எதிர்பார்த்தது மெக்ஸிகோவின் உயர்ந்த ரகத்தை. வந்ததோ தோற்றத்தில் அதைப் போலவே இருந்த மட்ட ரகம். சாய வியாபாரம் படுத்துவிட்டது. ஆனால் அந்தப் பூச்சி ஒரு வகைச் சப்பாத்திக்கள்ளியை விரும்பித் தின்றது. கள்ளி மண்டிய தென்னிந்திய நிலங்களில் 1836 முதல் 1838 வரை அதை வேண்டுமென்றே பரப்பினார்கள். இன்னொரு வகைக் கள்ளியை அது தொடவே இல்லை. அதற்கு வேறொரு பூச்சியை 1926-ல் இலங்கையிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த முதல் பூச்சி நமக்கு நன்மை செய்தது நம் புத்திசாலித்தனத்தால் அல்ல, அதிர்ஷ்டத்தால். அடுத்த முறையும் அதிர்ஷ்டம் வரும் என்று யார் உத்தரவாதம் தருவார்கள்?

இந்தப் பூச்சிகளைப் பற்றிப் பேசும்போது "அந்நியர்", "வந்தேறிகள்" என்ற வார்த்தைகள் சர்வ சாதாரணமாக வந்து விழுகின்றன. பிழைக்க வந்த ஊரில் மூன்று தலைமுறையாக இருக்கும் நம் போன்றவர்கள் அந்த வார்த்தையைக் கேட்டு நெளியாமல் இருக்க முடியாது. மிளகாய் அந்நியம், தக்காளி அந்நியம், பப்பாளியும் மரவள்ளியும் அந்நியம், கல்கத்தா பிரியாணியில் கிடக்கும் உருளைக்கிழங்கும் அந்நியம்தான். நம்மைக் காப்பாற்றிய குளவியும் அப்படியே. வெளியிலிருந்து வந்தது என்பது குற்றமல்ல. பார்க்காமல், கேட்காமல், யோசிக்காமல் சுமந்து வந்ததுதான் குற்றம். அந்தக் குற்றம் பூச்சியுடையதல்ல, என்னைப் போன்றவர்களுடையது.

"இதெல்லாம் சர்க்கார் பார்க்க வேண்டிய வேலை" என்பார்கள் சிலர். வெளிநாட்டிலிருந்து வரும் செடிகளுக்குத் துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் சோதனை உண்டு. ஆனால் சென்னையிலிருந்து வரும் ரயிலில் மாமியின் பையை யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்? பார்க்கவும் வேண்டாம். நாமே பார்த்துக்கொள்ளலாம்.

நான் பட்டுத் தெரிந்துகொண்டது இதுதான். கூடுமானவரை கொம்புக்குப் பதில் விதையைக் கொண்டுவாருங்கள். கொம்புதான் வேண்டுமென்றால் இலையடியையும் கணுவையும் நன்றாகப் பார்த்துச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். வந்ததும் மற்றச் செடிகளோடு சேர்க்காமல் மூன்று வாரம் தனியே வையுங்கள். வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் அந்தக் கிளையை வெட்டிச் சோப்புத் தண்ணீரில் முக்கிப் போடுங்கள், தெருவில் எறியாதீர்கள். எறும்பு ஏறாமல் பாருங்கள். கடுமையான மருந்துக்கு அவசரப்படாதீர்கள்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பெட்டிக்குள் பச்சைக் கறிவேப்பிலையை ஒளித்து அனுப்பும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கறிவேப்பிலையை விரும்பும் ஒரு குட்டிப் பூச்சி நம் ஆசியாவைச் சேர்ந்தது. ஆரஞ்சு மரத்தைக் கொல்லும் நோயைப் பரப்புவது அதுதான். 1998-ல் ஃப்ளோரிடாவில் அந்தப் பூச்சியும் 2005-ல் அந்த நோயும் காணப்பட்டன. பிறகு வீசிய புயல்களும் சேர்ந்து, அங்கே ஆரஞ்சு விளைச்சல் முன்பிருந்ததில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. சுங்கத்தில் கறிவேப்பிலையைப் பிடுங்கிக்கொண்டால் கோபிக்காதீர்கள். அங்கும் யாரோ ஒரு விவசாயியின் பிழைப்பு அதில் இருக்கிறது.

நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் அங்கத்தினர்கள் செடி பரிமாறிக்கொள்ள ஒரு மேஜை போட்டு, பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடியும் ஒரு வாளி சோப்புத் தண்ணீரும் வைத்தால் என்ன? செலவு அதிகமில்லை.

மாஷிமாவுக்கு விதையிலிருந்து சங்குபுஷ்பமும், மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்த ஒரு செம்பருத்தியும் கொடுத்தேன். போன காளி பூஜைக்கு அந்தச் செடியில் பதினொரு பூ பூத்தது. அவர் எண்ணிப் பார்த்து, மாடிப்படியில் நின்றபடி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.