சுழியமும் அறுந்த கம்பியும்



அண்மையில் சுங்கை பூலோவில் என் முன்னாள் மாணவன் ஒருவனின் தந்தையைச் சந்தித்தேன். எஸ்.பி.எம். முடித்த மகன், தொழிற்சாலைக் கருவிகளைப் பராமரிக்கும் 'இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன்' பயிற்சியில் சேர விரும்புகிறானாம். "படிப்பு ஏறாத பிள்ளைங்க போற இடம்தானே சார் அது?" என்று வருந்தினார். அன்று சொல்ல இயலாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்று நீர் மாசடைந்து சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டபோது, கிள்ளான் பள்ளத்தாக்கில் நாம் வாளியுடன் காத்திருந்தோம். நீரின் கலங்கலையும் குளோரின் அளவையும் தொட்டியின் நீர்மட்டத்தையும் அத்தகைய நிலையங்களில் கருவிகள் அளக்கின்றன. அக்கருவிகள் உண்மை சொல்கின்றனவா என்று சோதித்துச் சரிசெய்பவரே இத்தொழில்நுட்பர்.

இதில் கணிதம் இல்லையா? பல கருவிகள் தம் அளவை 4 முதல் 20 மில்லிஆம்பியர் மின்னோட்டமாக அனுப்புகின்றன. தொட்டி வெறுமையானால் 4, நிறைந்தால் 20. பாதி நிறைந்தால் எவ்வளவு என்று என் ஆறாம் ஆண்டு மாணவர்களைக் கேட்டேன். பலரும் 10 என்றனர். விடை 12. 8 மீட்டர் தொட்டியில் 10 மில்லிஆம்பியர் என்றால் நீர்மட்டம் 3 மீட்டர்தான். நாம் கற்பிக்கும் விகிதமே அங்கே வேலை செய்கிறது.

சுழியத்தில் தொடங்காமல் 4இல் தொடங்குவானேன்? கம்பி அறுந்தால் மின்னோட்டம் சுழியமாகும். வெறுமையான தொட்டியும் சுழியமே காட்டினால், நீர் இல்லையா, கம்பி இல்லையா என்று அறிய முடியாது.

பெற்றோர்களே, குறைந்த மதிப்பெண்ணை நாம் அறுந்த கம்பியாக எண்ணிவிடுகிறோம். அது குறைந்த அளவு மட்டுமே. தொடர்பு இன்னும் இருக்கிறது.

மலேசியத் திறன் சான்றிதழில் முதல் மூன்று நிலைகளுக்குப் பின் நான்காம் நிலை டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா என்று படிகள் உள்ளன. பணம் கட்டுமுன், அந்தப் பயிற்சி நிலையமும் அதன் பாடப்பிரிவும் மனிதவள அமைச்சின் திறன் மேம்பாட்டுத் துறையின் அங்கீகாரம் பெற்றவையா என்று கேட்டறியுங்கள்.

ஆசிரிய நண்பர்களே, வழக்கறிஞர், மருத்துவர் என்று மாணவர்களுக்குச் சொல்லும்போது இத்தொழிலின் பெயரையும் சேர்த்துச் சொல்வோம். விரும்பிப் போகும் பிள்ளையைத் தலைகுனிந்து போகவிட வேண்டாம்.