82 வயதில் 50 கிலோ: கிட்டம்மாள் பாட்டியைப் பார்த்து நாமும் வெயிட் தூக்கலாமா?

கோவையில் நடந்த வலுதூக்கும் போட்டி ஒன்றில், பொள்ளாச்சியைச் சேர்ந்த 82 வயது கிட்டம்மாள் டெட்லிஃப்ட் பிரிவில் 50 கிலோ தூக்கி 5-வது இடம் பிடித்தார். மோதியது எல்லாம் பேத்தி வயசுப் பெண்களோடு. ஜிம்முக்குப் போகும் பேரன்களைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த ஆர்வம் வந்தது.

'பாட்டி வேற லெவல்' என்று வீடியோவை ஷேர் செய்துவிட்டு, "நாப்பத்தஞ்சு ஆச்சு, இனி நமக்கெதுக்குங்க ஜிம்?" என்று கேட்பவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த விளக்கம்.

வாக்கிங் மட்டும் போதாதா?

காலையில் ரேஸ்கோர்ஸ் பக்கம் போனால் தெரியும், நடைப்பயிற்சியில் கோவைக்காரர்கள் குறை வைப்பதில்லை. நடை இதயத்துக்கு நல்லது. ஆனால் தசை வலுவாக, அது பழகியதைவிடக் கூடுதல் சுமை வேண்டும். வயது ஏற ஏற தசை தானாகக் கரையும். 'சார்கோபீனியா' என்பது இதன் மருத்துவப் பெயர். தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியாது, பஸ் படி ஏறத் திணறும், தடுக்கினால் சமாளிக்க முடியாமல் விழுவோம்.

அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நடை போன்ற பயிற்சிகளோடு வாரம் குறைந்தது 2 நாள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்கிறது.

இன்னொரு காரணம் சர்க்கரை. 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் - இண்டியாப் ஆய்வின்படி, தமிழகத்தில் 14.4% பேருக்கு நீரிழிவு இருக்கிறது. ரத்தத்தில் உள்ள சர்க்கரையை அதிகம் இழுத்துக்கொள்ளும் இடங்களில் முக்கியமானது தசை.

லேட்டாக ஆரம்பித்தால் பலன் உண்டா?

உண்டு. 1990-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வில், முதியோர் இல்லத்தில் இருந்த 90 வயதை ஒட்டிய 10 பேருக்கு, கண்காணிப்போடு 8 வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174% கூடியது. முதல் சில வாரங்களில் தசை பெரிதாகாது. இருக்கும் தசையைச் சரியாக வேலை வாங்க நரம்புகள் கற்றுக்கொள்ளும். கண்ணாடியில் மாற்றம் தெரியவில்லையே என்று அப்போது விட்டுவிடக் கூடாது.

எப்படி ஆரம்பிப்பது?

* வாரம் 2 நாள், நடுவில் குறைந்தது ஒரு நாள் ஓய்வு.

* முதலில் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. பிறகு சின்ன டம்பெல்லை இடுப்பை நோக்கி இழுப்பது, தரையிலிருந்து எடை தூக்குவது.

* தண்ணிக் குடத்தைத் தரையிலிருந்து தூக்குவதும் டெட்லிஃப்ட்டும் கிட்டத்தட்ட ஒரே அசைவு. முதுகை வளைக்காமல், இடுப்பை மடக்கி, எடையை உடம்போடு ஒட்டித் தூக்க வேண்டும்.

* ஒவ்வொன்றும் 10 முறை, 2 செட். முடிக்கும்போது இன்னும் இரண்டு முறை செய்ய முடியும் என்று தோன்ற வேண்டும். 12 முறை ஈஸியாக வந்தால் மட்டும் 1 அல்லது 2 கிலோ கூட்டலாம்.

* தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள், அடக்காதீர்கள்.

புரோட்டீன் பவுடர் வாங்கணுமா?

தேவையில்லை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், புரதச் சப்ளிமென்ட்டுகளைத் தவிர்க்கவே சொல்கிறது. அதன் கணக்குப்படி கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்குச் சுமார் 50 கிராம். நம்மூர் கொள்ளு 100 கிராமில் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது. முட்டை ஒன்றில் 6 கிராம். தயிர், பருப்பு, மீனும் சேர்ந்தால் கணக்கு வந்துவிடும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

பிபி, இதய நோய், மூட்டுப் பிரச்னை இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பயிற்சிக்குப் பின் ஒன்றிரண்டு நாள் தசை வலிப்பது சகஜம். மூட்டில் சுருக்கென்று வலித்தால் நிறுத்துங்கள். நெஞ்சு வலி, தலைச்சுற்றல் என்றால் உடனே மருத்துவமனைதான்.

கிட்டம்மாளின் 50 கிலோ நம் முதல் நாள் இலக்கு அல்ல. இந்த வாரம் கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்று எண்ணி, காலண்டரில் குறித்துவையுங்கள். இரண்டு மாதம் கழித்து மறுபடி எண்ணிப் பாருங்கள்.