வளர்ப்புப் பிள்ளையின் வாப்பா பெயரை அழிக்காதீர்கள்



நம் ஊர்களில் ஒரு பழக்கம் இருக்கிறது. ஒரு பிள்ளையை எடுத்து வளர்க்கிறோம். அல்ஹம்துலில்லாஹ், அது பெரிய நன்மை. அடுத்த வேலையாக அந்தப் பிள்ளையின் சொந்த வாப்பாவுடைய பெயரை எல்லாக் கடதாசியிலிருந்தும் துடைத்து விடுகிறோம். பிறப்புப் பதிவில் வளர்த்தவர் பெயர், பள்ளிக்கூடத்தில் வளர்த்தவர் பெயர், அடையாள அட்டையில் முன்னெழுத்தாகவும் வளர்த்தவர் பெயர். நாற்பது வருடம் கழித்து அந்தப் பிள்ளை "எங்கட ஆக்கள் யாரு?" என்று கேட்டால், "இப்ப ஏன் அதெல்லாம் கிண்டுறீங்க?" என்று வாயை அடைக்கிறோம். எடுத்து வளர்த்ததற்கு நன்மை உண்டு. பெயரைத் துடைத்ததற்கு இல்லை.

மார்க்கத்தில் இதற்கு இரண்டு கருத்து கிடையாது. சூறா அஹ்ஸாபின் 4ஆம், 5ஆம் வசனங்களை எடுத்துப் பாருங்கள். ஸைத் இப்னு ஹாரிஸா (ரழி) அவர்களை மக்காவில் எல்லோரும் ஸைத் இப்னு முஹம்மத் என்றுதான் அழைத்தார்கள். வளர்த்தவர் யார்? அல்லாஹ்வின் தூதர் (ஸல்). அதைவிடக் கண்ணியமான பெயர் உலகத்தில் இருக்கிறதா? அந்தப் பெயரையே நீக்கி, பெற்ற வாப்பாவின் பெயரால் அழைக்கச் சொல்லி வஹீ வந்தது. வாப்பா யாரென்று தெரியாவிட்டால் மார்க்கச் சகோதரர் என்று அழைக்கவும் அதே வசனம் வழி காட்டுகிறது. இன்னொருவரை வாப்பா என்று எழுத அங்கே வழியே இல்லை.

ஸைதின் வரலாற்றில் நாம் பயானில் அதிகம் கேட்காத ஒரு பகுதியும் இருக்கிறது. தொலைந்த பிள்ளையை அவருடைய வாப்பா தேடிக்கொண்டே இருந்தார். ஹஜ்ஜுக்கு வந்த அவர்களுடைய கோத்திரத்தார் மக்காவில் ஸைதை அடையாளம் கண்டு செய்தி கொண்டு போனார்கள். வாப்பாவும் வாப்பாவின் சகோதரரும் புறப்பட்டு வந்தார்கள். நபியவர்கள் மறைக்கவில்லை, கோபிக்கவில்லை. பிள்ளையைக் கூப்பிட்டு, முடிவை அவரிடமே விட்டார்கள். ஸைத் நபியவர்களோடு இருப்பதையே தேர்ந்தெடுத்தார். சொந்த ஆட்களைக் கண்டுபிடித்தால் பிள்ளை நம்மை விட்டுப் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் இதை ஒரு தடவை நிதானமாக வாசிக்க வேண்டும்.

எங்கள் குடும்பத்திலேயே ஒரு சாச்சி இருக்கிறா. அவவின் சம்மதத்தோடுதான் எழுதுகிறோம், பெயரும் ஊரும் வேண்டாம் என்றா. 1978 நவம்பர் 23 சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப் போட்ட கிழமையில் கைக்குழந்தையாக எங்கள் உம்மம்மாவிடம் வந்தவ. யார் கொண்டு வந்து கொடுத்தது என்று உம்மம்மா மௌத்தாகும் வரை சொல்லவில்லை. நம் பக்கத்தில் கலியாணம் பேசினால் முதல் கேள்வி "எந்தக் குடி?" என்பதுதான். குடி தாய்வழியில் வருவது. சாச்சியின் மகளுக்குப் பேசியபோது எங்கள் குடியைச் சொன்னோம். மாப்பிள்ளை வீட்டு மூத்தம்மா ஒருவர் மெல்லச் சொன்னாராம், "அது எடுத்த பிள்ளை, பிழையா வந்த பிள்ளை" என்று. பேச்சு அதோடு நின்றது. அதற்குப் பிறகுதான் தேடத் தொடங்கினோம்.

தேடுவது மந்திரம் இல்லை. சாச்சியின் பிறப்புச் சான்றிதழில் பிறந்த திகதிக்கும் பதிந்த திகதிக்கும் இடையில் ஆறு வருடம். ஒரு பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயதில் வந்து பதிந்திருக்கிறார்கள், வாப்பா என்ற இடத்தில் எங்கள் மூத்தாப்பாவின் பெயர். அந்தக் கடதாசி அதோடு முடிந்துவிட்டது. ஆனால் அவ படித்த முதல் பாடசாலையின் சேர்விடாப்பு முடியவில்லை. ஆசிரியர்களாகிய எங்களுக்குத் தெரியும், பழைய அதிபர்கள் சேர்விடாப்பை வேதம் போல எழுதுவார்கள். அதில் தந்தை என்ற சொல்லை வெட்டிப் பாதுகாவலர் என்று மேலே எழுதி, பிறந்த இடம் என்று வேறொரு ஊரையும் ஒரு ஒழுங்கையையும் குறித்திருந்தார். யார் சொல்லி எழுதினாரோ, அல்லாஹ் அவருக்கு றஹ்மத் செய்யட்டும்.

ஊர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. அந்தக் காலத்து வாக்காளர் இடாப்பில் வீட்டிலக்கத்தின் கீழ் அந்த வீட்டில் வாக்குள்ள எல்லோருடைய பெயரும் வரும். அந்த ஒழுங்கையில் கைக்குழந்தை இருந்திருக்கக்கூடிய இளம் சோடிகள் மூன்றுதான். பிறகு 1978 நவம்பர், டிசம்பர் மரணப் பதிவுகளைத் தேடக் கொடுத்தோம். மூன்றில் ஒரு வீட்டுப் பெண்ணின் பெயர் அங்கே இருந்தது. வயது 22. சுவர் விழுந்து மரணம். அறிவித்தவர் என்ற இடத்தில் கணவரின் பெயர். அந்த ஊரில் இப்போதும் இருக்கிற ஒரு வயதான மருத்துவிச்சி, அந்தப் பெண்ணுக்கு மாதம் நிறையாத ஒரு பெண் குழந்தை இருந்ததென்று நாங்கள் கேட்காமலே சொன்னா.

இதற்கு மேல் என்ன சொல்ல? கலியாணம் முடித்த ஒரு பெண், சூறாவளியில் மௌத்தான ஒரு உம்மா. அவவின் பிள்ளையை நாற்பது வருடத்துக்கு மேலாக இந்த ஊர் "பிழையா வந்த பிள்ளை" என்று முணுமுணுத்தது. மானத்தைக் காப்பாற்றத்தான் மறைத்தோம் என்கிறார்கள். யாருடைய மானம் காப்பாற்றப்பட்டது? மறைத்ததால்தான் இல்லாத ஒரு அவமானம் பிறந்தது.

சில பிள்ளைகளின் கதை இப்படி இருக்காது, உண்மையிலேயே ஒரு பெண்ணின் மறைவு அதில் இருக்கும், அதை மறுக்கவில்லை. அதற்காகத்தான் சொல்கிறோம், தேடுவது வேறு, ஊருக்குப் பறைசாற்றுவது வேறு. கிடைத்த கடதாசியைப் படம் பிடித்து முகநூலில் போடாதீர்கள். பிள்ளைக்குத் தெரிய வேண்டியது பிள்ளைக்குத் தெரிந்தால் போதும்.

மறைப்பவர்கள் இன்னும் இரண்டு விடயங்களை யோசிப்பதே இல்லை. ஒன்று வலி. வளர்த்த வாப்பா பெண்ணுக்கு வலியாக முடியாது. சொந்த வாப்பாவோ அவர் வழி ஆண்களோ இல்லையென்றால் காதியிடம் போக ஷரீஆவிலும் வழி இருக்கிறது, 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க விவாக, விவாகரத்துச் சட்டத்திலும் வழி இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் பொய் இருந்தால் கடுத்தத்திலும் அதே பொய்தான் ஏறும். மற்றது பால்குடி. எடுத்த பிள்ளைக்குப் பக்கத்து வீட்டு ராத்தா பால் கொடுத்திருப்பா, அது எந்த ஏட்டிலும் இராது. அதையும் மறைத்து, பெற்றவர்களையும் மறைத்தால், யாருக்கு யார் மஹ்ரம் என்று நாளைக்கு யார் சொல்வது?

"சொத்துக் கொடுக்கத்தான் எங்கட பேரைப் போட்டோம்" என்பார்கள். கொடுக்க மனம் இருந்தால் ஹயாத்தில் ஹிபாவாகக் கொடுங்கள், மூன்றில் ஒன்றுக்குள் வஸிய்யத் எழுதுங்கள். இதற்குப் பொய்ப் பதிவு எதற்கு?

பொய்ப் பதிவு ஒரு மனிதருக்கு என்ன செய்யும் என்பதை நாட்டளவிலும் பார்த்துவிட்டோம். 1980களில் நம் நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். உம்மா என்று சொல்லிக் கையெழுத்து வைத்த சிலர் உம்மாவே இல்லை, வேடமிட்டு வந்தவர்கள் என்பது 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சியில் வெளிவந்தது. 2021 பெப்ரவரியில் அந்த நாடு வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்தி வைத்தது. அந்தப் பிள்ளைகள் இன்று நடுத்தர வயதில், கையில் ஒரு சான்றிதழோடு, இங்கே வந்து தேடுகிறார்கள். கடதாசியில் இருக்கிற பெண்ணைக் கண்டுபிடித்தால் அவ உம்மா இல்லை. அவர்கள் செய்தது காசுக்காக, நாம் செய்வது பாசத்தால். ஆனால் தேடுகிறவர் முன்னால் இரண்டு கடதாசியும் ஒரே கடதாசிதான்.

எடுத்து வளர்ப்பவர்கள் மாவட்ட நீதிமன்றத்தில் மகவேற்புக் கட்டளை பெற்றால் ஒரு வழக்கு இலக்கம் இருக்கும், ஒரு கோப்பு இருக்கும், தேடுகிறவருக்கு ஒரு நூல் கிடைக்கும். வளர்ப்பதற்கு மட்டும்தான் எடுக்கிறீர்கள் என்றால் பிறப்புப் பதிவைத் தொடாதீர்கள். முதலாம் தரத்துக்குச் சேர்க்க வரும்போது பாதுகாவலர் என்ற நிரலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். அதில் எந்த வெட்கமும் இல்லை, எங்கள் வகுப்புகளில் உம்மா வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளில் பாதிப்பேர் அப்படித்தான் சேர்ந்திருக்கிறார்கள்.

சாச்சியின் தேடல் இன்னும் முடியவில்லை. மனைவியின் மரணத்தை அறிவித்த அந்த மனிதர் பிறகு எங்கே போனார், வேறு பிள்ளைகள் உண்டா, அந்த உம்மா எந்தக் குடி, இதெல்லாம் அந்த ஊர்ப் பள்ளிவாசலின் பழைய கடுத்தப் புத்தகங்களில் இருக்கலாம். மூன்று தடவை போனோம். "புது நிர்வாகம் வரட்டும், பார்ப்போம்" என்றார்கள். புத்தகங்கள் தகரப் பெட்டியில், ஒழுகுகிற கூரைக்குக் கீழே இருக்கின்றன. அந்த நிர்வாகத்துக்கு மட்டுமல்ல, எல்லா ஊர் மரைக்கார்மாருக்கும் கேட்கிறோம்: மாரி மழை தொடங்க முன் அந்தப் பெட்டிகளைத் திறந்து காய வையுங்கள், ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியிலாவது படம் எடுத்து வையுங்கள். ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், உயர்தரப் பிள்ளைகள் நாலு பேரோடு நாங்கள் வருகிறோம்.