முந்நூறு கோடியும் மூடிய காதுகளும்



போதகர் ஒருவர் திரைப்படத்தைக் குறித்து எழுதலாமா என்று உங்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். என் இளமையில் எங்கள் வீட்டில் சினிமா என்ற சொல்லையே யாரும் உரக்கச் சொன்னதில்லை. இறையியல் கல்லூரி விடுதியில் இருந்தபோதுதான் நண்பர்கள் சிலரோடு ஒளிந்து சென்று முதன்முதலாக ஒரு படம் பார்த்தேன். அது எந்தப் படம் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. ஆயினும் இந்த வாரச் சிந்தனையை அதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. காரணம், நம் சபையைச் சேர்ந்த ஒரு தாயாரும் அவருடைய மகனும்.

அந்தத் தம்பி கூட்டேரிப்பட்டிலிருந்து மயிலத்திற்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். 2024 நவம்பர் 14 அன்று 'கங்குவா' வெளியானது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், தம் தாயாரைப் புதுப்புடவை உடுத்தச் சொல்லி, விழுப்புரத்திற்கு அழைத்துச் சென்று படத்தைக் காட்டினார். கணவர் உயிரோடிருந்த காலத்தில் கொட்டகையில் படம் பார்த்தவர் அந்த அம்மா. அதன்பின் திரையரங்கின் வாசற்படியை மிதித்ததில்லை. பேருந்துச் செலவு, நுழைவுச்சீட்டு, இடைவேளைப் பலகாரம் எல்லாம் சேர்த்தால் தம்பிக்கு ஏறக்குறைய இரண்டு நாள் வருமானம். படம் தொடங்கி அரைமணி நேரத்திற்குள் அந்த அம்மா முந்தானையால் இரு காதுகளையும் பொத்திக்கொண்டார்களாம். இடைவேளையில், "போயிடலாமாடா?" என்று கேட்டார்களாம். கொடுத்த பணம் வீணாகிவிடுமே என்று மகன் உட்காரவைத்துவிட்டார்.

அடுத்த வாரம் என்னிடம் இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கோபம் இல்லை, வெட்கம் இருந்தது. "படம் நல்லா இல்லன்னு வருத்தம் இல்ல ஐயா. எங்கம்மாவ அவ்வளவு நேரம் உக்கார வச்சேன் பாருங்க, அதான்" என்றார். பிறகு, "இவ்வளவு பணம், இவ்வளவு பெரிய நடிகர், அப்புறம் எப்படி ஐயா கெட்டுப்போகுது?" என்று கேட்டார். அன்று ஏதோ ஒன்றிரண்டு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டேன். அது பதில் ஆகாது என்று இராத்திரியெல்லாம் தோன்றிக்கொண்டே இருந்தது.

நடிகருக்குத் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அதே சூர்யா 'சூரரைப் போற்று' படத்திற்காகத் தேசிய விருது பெற்றவர். அதே சூர்யா நடித்த 'ஜெய் பீம்' 2021 நவம்பரில் வந்தது. நம்முடைய பழைய தென் ஆற்காட்டுப் பகுதியில் 1993-இல் நடந்த ஒரு காவல் மரணத்தைத் தழுவிய கதை. அந்தப் படத்தை நினைத்துப் பாருங்கள். உங்கள் மனதில் முதலில் எழுவது வழக்கறிஞரின் முகமா, செங்கேணியின் முகமா? எனக்குச் செங்கேணிதான். லிஜோமோல் ஜோஸ் என்ற நடிகை தாங்கிய பாத்திரம் அது. நாயகர் ஒதுங்கி நின்று, அந்தப் பெண்ணின் துயரத்திற்கு வழிவிட்டார். கதைக்கு அவர் தேவைப்பட்டார்; அவருக்காகக் கதை செய்யப்படவில்லை. 'கங்குவா'விலோ பெருமாச்சி என்ற தீவின் வீரனைக் காண்பதற்கு முன்பாக, கோவாவில் நடக்கும் இக்காலக் கேளிக்கைகளை நாம் பார்த்துத் தீர்க்க வேண்டியிருந்தது. கதைக்கு அவை வேண்டியிருந்தனவா என்று கேட்டால் எனக்கு விடை தெரியவில்லை. நாயகரை இன்னொரு வேடத்தில் காட்ட வேண்டியிருந்தது, அவ்வளவே.

இனிப் பணத்தைப் பார்ப்போம். 'கங்குவா'வுக்கு 300 கோடி ரூபாய்க்கு மேல் செலவானதாகச் செய்தித்தாள்கள் எழுதின. 2000 கோடி வசூலை எதிர்பார்ப்பதாகத் தயாரிப்பாளரே வெளியீட்டுக்கு முன்பு பேசியிருந்தார். பெருஞ்செலவு தன்னிலே பாவமல்ல. சாலொமோன் கட்டிய ஆலயமும் பெருஞ்செலவுதான். 1948-இல் எஸ். எஸ். வாசன் 'சந்திரலேகா'வுக்குக் கொட்டிய பணம் அந்நாளில் கேள்விப்படாத தொகை. அந்த முரசு நடனத்தை எங்கள் தாத்தா தலைமுறையினர் சாகும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கே செலவு கண்ணுக்குத் தெரிந்தது. இன்று ஒரு பெரிய படத்தின் செலவில் பெரும்பங்கு நடிகரின் ஊதியமாகவே போய்விடுகிறது. மீதியில்தான் கதைக்கும் காட்சிக்கும் சோறு போடவேண்டும்.

அதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. நட்சத்திரத்தின் பெயர் இருந்தால், படம் முடியும் முன்பே தொலைக்காட்சி உரிமை, ஓடிடி உரிமை, வெளிநாட்டு உரிமை, பாடல் உரிமை என்று யாவும் விலைபேசப்படுகின்றன. செங்கல்பட்டு, வட ஆற்காடு, தென் ஆற்காடு ஆகியவற்றைச் சேர்த்துத் திரைத்துறையினர் 'என்.எஸ்.சி. ஏரியா' என்பார்கள், நாம் அந்த ஏரியாவைச் சேர்ந்தவர்கள். நமக்கும் சேர்த்து ஒரு விலை போடப்படுகிறது. மினிமம் கேரண்டி என்ற முறையில் வாங்கியவர், படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்தத் தொகையைக் கொடுத்தே ஆகவேண்டும். இப்படி விற்றுப்போன படம் நன்றாக இருக்கவேண்டிய அவசியம் குறைந்துவிடுகிறது. குறித்த தேதியில் வந்தால் போதும். 2014 மே மாதம் படப்பிடிப்புத் தொடங்கிய 'லிங்கா', ரஜினிகாந்தின் பிறந்தநாளான டிசம்பர் 12 அன்றே வெளியாக வேண்டும் என்று விரைந்தது. அடுத்த மாதமே விநியோகஸ்தர்கள் நஷ்டஈடு கேட்டுச் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஒரு படம் சமைந்து வருவதற்கு முன்பே இலை போட்டாயிற்று என்றால், வேகாததைத்தான் பரிமாற முடியும்.

ஏமாற்றத்தில் பாதி நம்முடைய கைவேலை என்பதையும் சொல்லவேண்டும். 'படையப்பா' வந்தது 1999-இல். மூன்று ஆண்டுகள் காத்திருந்து, 2002 ஆகஸ்ட் 15 அன்று 'பாபா' வந்தது. அந்நாட்களில் நான் இளம் போதகர். ஊழியத்திற்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. தலையில் முண்டாசு கட்டிய பையன்கள் கையில் பாபா முத்திரை காட்டிக்கொண்டு எங்கள் ஆலய வாசலைக் கடந்து போவார்கள். படத்தில் புகைபிடிக்கும் காட்சிகளைக் கண்டித்து, திண்டிவனத்தை அடுத்த தைலாபுரத்திலிருந்து மருத்துவர் இராமதாசு குரல் எழுப்பினார். வட மாவட்டங்களில் சில இடங்களில் படப்பெட்டிகள் பறிக்கப்பட்டன. படமும் ஓடவில்லை. ரஜினிகாந்த் விநியோகஸ்தர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அப்படிச் செய்தவர் திரையுலகில் அரிது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அடுத்த ஞாயிறே பிரசங்க மேடையில் ஏறி, 'பெருமை விழுந்தது' என்று கைதட்டாத குறையாகப் பேசினேன். ஆராதனை முடிந்ததும் ஒரு முதியவர் என்னைத் தனியே அழைத்தார். திரையரங்கு ஒன்றில் முறுக்கும் கடலை மிட்டாயும் விற்கும் உரிமையை அந்தப் படத்திற்காகக் கடன்பட்டு எடுத்திருந்தவர் அவர். "யாரு பெருமை விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியல ஐயா, என் முதல் போச்சு" என்றார். அவ்வளவுதான். அதன்பின் அந்தப் பிரசங்கக் குறிப்பை நான் எடுத்துப் பார்த்ததேயில்லை.

'பாபா'வின் கதையையே சற்று எண்ணிப் பாருங்கள். கேட்டதைக் கொடுக்கும் ஏழு மந்திரங்கள் ஒருவனுக்கு அருளப்படுகின்றன. மெய்தானா என்று சோதித்தும் அற்பமானவற்றைக் கேட்டும் அவன் அவற்றைச் செலவழிக்கிறான். அந்தப் படமும் தனக்குக் கிடைத்த மூன்றாண்டுக் காத்திருப்பை அப்படியே செலவழித்தது. ஆனால் மூன்று ஆண்டுகள் கழித்து, 2005 ஏப்ரல் 14 அன்று, அதே ரஜினிகாந்த் நடித்த 'சந்திரமுகி' வந்தது. தாம் விழுந்தால் எழ முடியாத யானை அல்ல, குதிரை என்று அவர் பேசியது அந்தப் படத்தை ஒட்டித்தான். சென்னை சாந்தி திரையரங்கில் 800 நாட்களுக்கு மேல் ஓடியது. மலையாளத்தில் 1993-இல் வந்த 'மணிச்சித்திரத்தாழ்' படத்தின் கதை அது. முடிவில் அரங்கை ஆண்டவர் ஜோதிகா. நட்சத்திரம் அங்கேயும் ஒதுங்கி வழிவிட்டது. 'ஜெய் பீம்' குறித்து மேலே எழுதியதோடு இதை வைத்துப் பாருங்கள். தம்பியின் கேள்விக்கு என்னால் கொடுக்க முடிந்த நேர்மையான பதில் அங்கேதான் இருக்கிறது.

அந்த ஜோதிகா அம்மையாரே, தம் கணவர் நடித்த 'கங்குவா'வின் முதல் அரைமணி நேரம் சரியாக அமையவில்லை, ஒலி காதை உறுத்துகிறது என்று ஒப்புக்கொண்டு எழுதினார். குறைகூறியவர்களைக் கண்டித்த பதிவுதான் அது. ஆனாலும் அந்த ஒப்புதலை நான் மதிக்கிறேன். ஒலியளவைக் குறைக்கும்படி திரையரங்குகளுக்குச் சொல்லப்பட்டது. பின்னர் ஏறக்குறைய 12 நிமிடங்கள் வெட்டப்பட்டன. அதே ஆண்டு ஜூலையில் வந்த 'இந்தியன் 2'-இலும் வெளியான பிறகு ஏறக்குறைய 12 நிமிடங்களே வெட்டினார்கள். படம் பார்த்தவனின் காதைக் கெடுத்த பிறகு ஒலியைக் குறைப்பது, விருந்தாளி எழுந்து போன பிறகு குழம்பில் உப்பைச் சரிபார்ப்பது போன்றது.

ஏன் இத்தனை இரைச்சல்? சொல்ல வந்தது தெளிவாக இருக்கிறவன் கத்துவதில்லை. ஓரேபிலே எலியா நின்றபோது பெருங்காற்று வந்தது, பூமி அதிர்ந்தது, அக்கினி எரிந்தது. அவை ஒன்றிலும் கர்த்தர் இல்லை. பிறகு வந்த மெல்லிய சத்தத்தில்தான் தீர்க்கதரிசி தன் முகத்தை மூடிக்கொண்டார். நம் ஊர் அம்மாவும் மூடினார்கள், முகத்தையல்ல, காதை.

'கங்குவா' வருவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு, 2024 செப்டம்பர் 20 அன்று, 'லப்பர் பந்து' வந்தது. தமிழரசன் பச்சமுத்துவுக்கு அது முதல் படம். ஹரிஷ் கல்யாணும் தினேஷும் நடித்தார்கள். மைதானத்தில் பகைவராகிவிட்ட இருவர், மாமனாரும் மருமகனும் ஆகவேண்டிய நிலையில் வந்து நிற்கிறார்கள். எந்த அணியில் யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்கமாட்டார்கள் என்ற சாதிக் கணக்கும் உள்ளே இருக்கிறது. அறுவடை முடிந்த நம் வயல்களில் ஞாயிறுதோறும் ரப்பர் பந்து ஆடும் பிள்ளைகளுக்கு அதில் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. (அவர்களில் சிலர் ஆராதனைக்கு ஏன் தாமதமாக வருகிறார்கள் என்பதும் எனக்கு அன்றுதான் விளங்கியது.) நான் அந்தப் படத்தை என் மகனின் கைபேசியில் பார்த்தேன். அவ்வளவு சிறிய திரையிலும் அது சிறுத்துப்போகவில்லை.

நான் பிறர் குற்றத்தை மட்டும் எழுதிவிட்டு எழுந்துபோக முடியாது. சில ஆண்டுகளுக்கு முன்பு நம் சபையில் ஒரு பெருங்கூட்டம் நடத்தினோம். உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பெயர்பெற்ற பேச்சாளர் ஒருவரை வரவழைத்தோம். அவர் முகம் பொறித்த பதாகைகள் நெடுஞ்சாலை நெடுக நின்றன. எல்.இ.டி. திரை, ஆள் உயரத்திற்கு ஒலிபெருக்கிகள். ஒரு விதவைத் தாய் ஆடு விற்ற பணத்தைக் காணிக்கையாகக் கொடுத்தார். பேச்சாளர் தாமதமாக வந்தார், தம் வெளிநாட்டுப் பயணங்களைப் பற்றிச் சற்று நேரம் பேசினார், அடுத்த ஊர்க் கூட்டத்திற்குப் புறப்பட்டுவிட்டார். கடனை அடைக்க நமக்கு ஓராண்டுக்கு மேல் ஆனது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவன் நான். பெயரை நம்பினேன், என்ன பேசப்போகிறார் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. சவுலின் கவசம் தாவீதுக்குப் பொருந்தாது என்று ஆண்டுதோறும் பிரசங்கிக்கிற நான், அந்தக் கவசத்தை வாடகைக்கு எடுத்துச் சபைக்கு மாட்டினேன்.

இந்த ஆண்டும் கூட்டம் நடத்தவேண்டும் என்று குழு கூடியது. மறுபடியும் ஒரு பெரிய பெயர் சொல்லப்பட்டது. மறுபடியும் திரை, மறுபடியும் பதாகை. நம் உபதேசியார் நாற்பது ஆண்டுகளாக இந்தக் கிராமங்களில் சைக்கிளில் சென்று ஜெபித்தவர். அவரே மூன்று நாளும் பேசட்டும் என்று நான் சொன்னேன். கூட்டம் சேராது என்றார்கள். சேராமல் போகலாம். அதை நான் மறுக்கவில்லை.

பெண்கள் ஐக்கியத்தின் சார்பில் அந்த ஆட்டோத் தம்பியின் தாயாரும் வந்திருந்தார்கள். கடைசிவரை வாய் திறக்கவில்லை. ஜெபித்து முடிக்கும் நேரத்தில் எழுந்து, "ஐயா, ஸ்பீக்கர் பாக்ஸ் எத்தன வப்பீங்க?" என்று கேட்டார்கள். யாரோ சிரித்தார்கள். செயலாளர் என்னைப் பார்த்தார். பேச்சாளரின் பெயருக்கு விடப்பட்ட இடம் குறிப்பேட்டில் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அதற்குக் கீழே, "ஒலிபெருக்கி – 2, சிறியது" என்று எழுதிக்கொண்டார்.