பழைய ஃபைபர் படகு வாங்கப் போகிற பிள்ளைகளுக்கு



தடைக்காலம் வந்தால் என் போன் ஓயாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும். அதில் பங்குக்குப் போகிற நம் பிள்ளைகளுக்கு அந்த இரண்டு மாதத்தில்தான், "நமக்கென்று ஒரு ஃபைபர் இருந்தால் இப்படிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாமே" என்ற எண்ணம் வரும். நியாயமான எண்ணம். வளைகுடாவில் கணக்கு முடித்துத் திரும்பியவர்களும் இதே நேரத்தில்தான் பழைய படகு தேடுகிறார்கள். இந்த வருடம் இதுவரை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மூவர் கேட்டதும் ஒரே மாதிரிதான்: "சார், 28 அடி ஃபைபர். இன்ஜின் நல்ல எச்.பி. ஃபிஷ் ஃபைண்டர், ஜி.பி.எஸ். எல்லாம் இருக்கு. விலை இவ்வளவு சொல்றாங்க. வாங்கலாமா?"

தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. எல்லாருக்குமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

"இரண்டு வருட ஆசிரியர் பயிற்சி முடித்த கையோடு சாக்பீஸ் பிடித்தவர், இவருக்குப் படகைப் பற்றி என்ன தெரியும்" என்று சிலர் கேட்கலாம். அப்பா கட்டுமரத்தில் போனவர். தம்பி ஃபைபர் வைத்திருக்கிறான். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவன் படகுக்குக் கணக்கு எழுதுகிறவன் நான். எந்த மாதம் டீசலுக்கு எவ்வளவு, மெக்கானிக்குக்கு எவ்வளவு, எந்த நாள் இன்ஜின் மக்கர் பண்ணித் தொழில் போகவில்லை என்பதெல்லாம் என் நோட்டில் இருக்கிறது. கடலை அவன் பார்க்கிறான், நோட்டை நான் பார்க்கிறேன். நோட்டுக்குத் தெரிந்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

என் கருத்து இதுதான். எச்.பி.க்குக் கொடுக்கிற காசைக் குறையுங்கள். மிச்சத்தை, கரைக்குத் திரும்பிவர உதவுகிற சாமான்களில் போடுங்கள். நம் ஊரில் இதற்கு நேர் தலைகீழாக நடக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. எட்டாம் வகுப்பில் வர்க்கமூலம் நடத்தியபோது "இது எதுக்கு சார் உதவும்" என்று கேட்டவர்கள் இப்போது கேளுங்கள். தண்ணீரைப் பிளந்துகொண்டு போகிற படகுக்கு ஒரு வேக எல்லை உண்டு. படகின் நீளத்தில் தண்ணீரில் படுகிற பகுதி எத்தனை அடியோ, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கடல் மைல் என்று ஏறத்தாழ வரும். தண்ணீரில் படுவது 25 அடி என்றால் வர்க்கமூலம் 5. பெருக்கினால் 6.7 கடல் மைல், அதாவது மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதற்கு மேல் ஓட்டினால் படகு தான் எழுப்பிய அலை மீதே ஏறப் பார்க்கும். எண்ணெய்தான் எரியும், தூரம் குறையாது. வேகத்தைக் கால் பங்கு கூட்டவே ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி வேண்டும்.

"பெரிய அவுட்போர்டு மாட்டினால் படகு தண்ணீருக்கு மேலே எழும்பிப் பறக்குதே சார்" என்பீர்கள். பறக்கும், காலியாகப் போகும்போது. வலை, ஐஸ், நாலு ஆள், பிடித்த மீன் எல்லாம் ஏறிய பிறகு அதே படகு தண்ணீரில் அமுங்கித்தான் வரும். பறக்கிற வேகத்துக்குக் காசு கொடுத்துவிட்டு அமுங்கின வேகத்தில் வீடு வருவீர்கள்.

எண்ணெய்ச் செலவையும் பாருங்கள். ஒரு டீசல் இன்ஜின் முழு வேகத்தில் ஓடினால் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குக் கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் குடிக்கும். பத்து எச்.பி. என்றால் இரண்டு, இரண்டேகால் லிட்டர். அதே பத்து எச்.பி. பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு நாலு முதல் ஐந்து லிட்டர் வரை குடித்துவிடும். ஃபோர் ஸ்ட்ரோக் இரண்டுக்கும் நடுவில். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம், மாதத்துக்கு இருபது நாள் என்று பெருக்கிப் பாருங்கள். விற்கிறவர் இன்ஜின் விலையைத்தான் சொல்வார். மாதா மாதம் அது கேட்கப் போகிற விலையை நீங்கள்தான் கணக்குப் போட வேண்டும்.

அதனால் நம் நாகைக் கரைக்கு, விடியலில் போய் மதியத்துக்குள் திரும்புகிற தொழிலுக்கு, நீள வால் வைத்த ஒற்றை சிலிண்டர் டீசல் போதும் என்பது என் துணிபு. சத்தம் காதைப் பிளக்கும், அதிர்வில் முதுகு போகும், ஒத்துக்கொள்கிறேன். குமரிப் பக்கத்துச் சம்பந்திமார் இதைப் படித்தால் சண்டைக்கு வருவார்கள். அவர்கள் கரையில் அலையடி வேறு, போகிற தூரம் வேறு, அவுட்போர்டு இல்லாமல் முடியாது. நான் அவர்களுக்கு எழுதவில்லை.

எந்த இன்ஜின் என்பதை விட எந்த மெக்கானிக் என்பது பெரிய கேள்வி. உங்கள் கரையில் பத்துப் படகு இருந்தால் அதில் எட்டில் எந்த இன்ஜின் இருக்கிறதோ அதை வாங்குங்கள். உங்கள் மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். பக்கத்துப் படகில் ஒரு நாசில் கடன் கேட்கலாம். சென்னையிலிருந்து பஸ்ஸில் ஒரு பாகம் வரும்வரை நாலு நாள் கரையில் உட்காருகிற இன்ஜின் எவ்வளவு நல்ல ஜாதியாக இருந்தாலும் நமக்கு வேண்டாம்.

சரி, பார்க்கப் போகிறீர்கள். சொல்லாமல் காலையில் போங்கள். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக ஏற்கெனவே ஒருமுறை கிளப்பிப் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். "இப்பத்தான் ஓட்டிப் பார்த்தோம், ஜம்முனு இருக்கு" என்பார்கள். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு மூன்று மணி நேரம் கழித்து வாருங்கள். குளிர்ந்த இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் அதன் வயது தெரியும்.

கிளம்பியதும் புகையைப் பாருங்கள். சுமையோடு ஓடும்போது கருப்பாக வந்துகொண்டே இருந்தால் டீசல் சரியாக எரியவில்லை; நாசிலோ காற்று வடிகட்டியோ காரணமாக இருக்கலாம், அல்லது இன்ஜினுக்கு மீறிய புரொப்பல்லர் மாட்டியிருக்கலாம். நீலம் என்றால் இன்ஜின் ஆயிலையே குடிக்கிறது, ரிங் தேய்ந்திருக்கலாம், கை நிறையச் செலவு. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் கம்ப்ரஷனைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். பால் கலந்த காபி மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அவுட்போர்டு என்றால் கீழே கியர் ஆயிலை இறக்கிப் பார்த்து இதே சோதனை. குளிர்விக்கிற தண்ணீர் பின்னால் ஒழுங்காகப் பீய்ச்சுகிறதா என்றும் பாருங்கள். உப்புத் தண்ணீரில் ஓடிய அவுட்போர்டை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவாதவரிடம் வாங்கினால், உள்ளே அரித்தது வெளிப் பெயிண்டில் தெரியாது.

கரையில் ஓட்டிக் காட்டினால் போதாது. கடலில் ஒரு மணி நேரம், சுமையோடு, முழு வேகத்தில். அதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் பேச்சே வேண்டாம்.

படகுக் கூட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் கரையில் இரண்டு தேதி முக்கியம். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு ஏகப்பட்ட ஃபைபர் படகுகள் அவசர அவசரமாக வார்த்துக் கொடுக்கப்பட்டன. நல்ல மனதோடு கொடுத்தார்கள், ஆனால் எல்லாம் நல்ல படகு இல்லை. கனம் குறைந்தவை நிறைய. 2018 நவம்பர் 16-இல் கஜா அடித்துப் போட்டதில் உடைந்தவற்றை ஒட்டி, பெயிண்ட் அடித்து மிதக்கவிட்டவையும் உண்டு. ஒட்டியது குற்றமில்லை. எங்கே ஒட்டியது என்று சொல்லாமல் விற்பதுதான் குற்றம். ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து அணியத்திலிருந்து பின்பக்கம் வரை தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று வந்த சத்தம் ஓரிடத்தில் மொத்தென்று மாறினால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம், அல்லது பலகை ஊறியிருக்கலாம். இன்ஜின் மாட்டுகிற பின்பலகையைச் சுற்றி இரண்டு மடங்கு நேரம் செலவிடுங்கள். மொத்த அதிர்வும் அங்கேதான் இறங்குகிறது.

இனி சாமான்களுக்கு வருகிறேன். இதற்காகத்தான் இவ்வளவு எழுத உட்கார்ந்தேன்.

விற்கிறவர் முதலில் காட்டுவது கலர் திரை உள்ள ஃபிஷ் ஃபைண்டர். வாங்குகிறவர் கண்ணும் அதில்தான் நிற்கும். ஐந்தாறு வருடம் உப்புக்காற்றில் இருந்த அந்தத் திரைக்கு நீங்கள் கொடுக்கிற விலையை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. "லைஃப் ஜாக்கெட் எத்தனை?" என்று கேட்டால் சிரிப்பார். "நங்கூரக் கயிறு எத்தனை பாகம்?" என்றால், "அதெல்லாம் இருக்கு சார்" என்பார். கயிற்றை வெளியே இழுத்துப் போட்டு அளந்து பாருங்கள்.

என் மாணவன் ஒருவன், பெயர் வேண்டாம், இப்படித்தான் வாங்கினான். ஒரே வயதில் இரண்டு அவுட்போர்டு, கலர் திரை, ஜி.பி.எஸ். எல்லாம். ஒன்று நின்றால் இன்னொன்று இருக்கிறதே என்ற தைரியம். இரண்டும் ஒரே டேங்கிலிருந்து எண்ணெய் எடுத்தன. ஒரு நாள் எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தது. ஒன்று நின்றது, கால் மணி நேரத்தில் மற்றதும் நின்றது. மாற்று ஃபில்டர் இல்லை. கயிறு ஆழத்தைத் தொடும் அளவுக்குத்தான் இருந்தது, நங்கூரம் பிடிக்கவில்லை. போனுக்கு டவர் இல்லை, வி.எச்.எஃப். இல்லை. இரவு முழுக்க நீரோட்டம் இழுத்துக்கொண்டு போனது. ஜி.பி.எஸ். மட்டும் ஒழுங்காக வேலை செய்து, எவ்வளவு தூரம் இழுத்துப் போகிறது என்று காட்டிக்கொண்டே இருந்தது. விடிந்து வேறொரு படகு கட்டி இழுத்து வந்தது. நாலு பேரும் உயிரோடு வந்தார்கள். வலையைக் கைவிட்டுவிட்டு வந்தார்கள். அந்த வலைக்கு அவன் இன்னும் வட்டி கட்டுகிறான்.

இரண்டு கிழட்டு இன்ஜினுக்குப் பதில் ஒரு நல்ல இன்ஜினும், தனி டேங்க் உள்ள ஒரு சின்ன உதவி இன்ஜினும் என்று நான் சொல்வது இதனால்தான். அதற்கும் வசதியில்லையா, துடுப்பும் ஒரு சின்னப் பாயும் வையுங்கள். அப்பா காலத்தில் அதுதானே இன்ஜின்.

தண்ணீர் பிரிக்கிற ஃபில்டர் ஒன்று, மாற்று ஒன்று. பத்துப் பாகம் ஆழத்தில் தொழில் என்றால் குறைந்தது ஐம்பது பாகம் கயிறு. நங்கூரம் கிடையாக இழுபட்டால்தான் மண்ணில் கடிக்கும். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், பெட்டிக்குள் இல்லை, கை எட்டுகிற இடத்தில். நல்ல பேட்டரி. கையில் பிடிக்கிற வி.எச்.எஃப். ஒன்று. அதன் சத்தம் சில கடல் மைல்தான் எட்டும், ஆனால் அந்தச் சில மைலுக்குள் பத்துப் படகு இருக்கும். ஆபத்துக்கு 16-ஆம் சேனல். கடலோரக் காவல்படையின் எண் 1554, இதை வீட்டுப் பெண்களின் போனிலும் போட்டு வையுங்கள். கடலில் இருக்கிறவனுக்கு டவர் இருக்காது, கரையில் இருக்கிறவர்களுக்கு இருக்கும். 2017 நவம்பர் கடைசியில் ஓக்கி வந்தபோது, ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை என்று குமரி மாவட்டத்தில் எத்தனை வீடுகள் அழுதன என்பதை நாம் பார்த்தோம்.

இவை எல்லாம் சேர்ந்தாலும் பெரிய எச்.பி. இன்ஜினுக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுக்க நினைத்த தொகைக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பணத்தைப் பற்றி ஒன்று. கையில் நூறு ரூபாய் இருந்தால் படகை எழுபத்தைந்துக்குள் முடியுங்கள். பழைய படகு முதல் ஆறு மாதத்தில் உங்களிடம் எதையாவது கேட்டே தீரும். அந்த நேரத்தில் கையில் இல்லையென்றால் ஏலக்காரரிடம் முன்பணம் வாங்குவீர்கள். அப்புறம் பிடித்த மீனை அவர் சொன்ன விலைக்கு, அவர் கமிஷன் போக, அவரிடமே கொடுக்க வேண்டும். படகு உங்கள் பெயரில், மீன் அவர் பெயரில். விற்கிறவருக்கு அப்படி ஏதாவது பாக்கி இருந்து அது படகோடு சேர்ந்து உங்கள் தலையில் விழுமா என்பதையும் விலை பேசும் முன் ஏலக்கூடத்தில் விசாரியுங்கள்.

பதிவுச் சான்றில் உள்ள இன்ஜின் எண்ணும் இன்ஜினில் அடித்திருக்கும் எண்ணும் ஒன்றா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். பெயர் மாற்றம் மீன்வளத் துறை அலுவலகத்தில் முடிந்த பிறகு மீதிப் பணம். மாமன் மச்சான் என்றாலும் இதில் தாட்சண்யம் வேண்டாம். புது இன்ஜினுக்கு மானியம் ஏதும் இப்போது இருக்கிறதா என்று அதே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். நல்ல கூடாகப் பார்த்து வாங்கிப் புது இன்ஜின் மாட்டுவது சில நேரம் லாபமாக இருக்கும்.

கடைசியாக, கேட்ட மூவருக்கும் பதில். குவைத்திலிருந்து வந்த தம்பி, அந்த இரட்டை இன்ஜின் படகு வேண்டாம். மனைவியின் நகையை அதற்காக மீண்டும் அடகு வைக்காதே. அக்கா மருமகனே, நீங்கள் பார்த்தது கூடு நல்ல கூடு, இன்ஜினைக் குளிர்ந்த நிலையில் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். பத்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்தவன், நீ சொன்ன வெள்ளப்பள்ளம் படகை வருகிற ஞாயிற்றுக்கிழமை பார்க்கத் தம்பியும் நானும் வருகிறோம். விற்கிறவரிடம் நாங்கள் வருவதாகச் சொல்லாதே. ஒரு ஐந்து ரூபாய் நாணயமும் ஐம்பது பாகம் அளக்க ஒரு ஆளும் தயாராக வைத்திரு.