கறுப்புச் சட்டைக் கதாநாயகன்

அமெரிக்கக் 'கௌபாய்' படங்களிலே கறுப்பு உடை துஷ்டனுக்குத்தான் என்பது சம்பிரதாயம். அதை மீறிக் கறுப்பு உடை தரித்து, வெள்ளைக் குதிரைமேல் வந்தவர் வில்லியம் பாய்ட். மல்போர்டின் நாவல்களில் ஹாப்பலாங் காஸிடி குடியும் முரட்டுத்தனமுமாகத் திரிந்தவன். பாய்டோ அவனை மது தொடாத உத்தமனாக்கிவிட்டார். (நாவலாசிரியர் மகிழ்ந்திருப்பாரோ என்னவோ!) 1935 முதல் 1948 வரை 66 படங்கள். எல்லாம் சொற்பச் செலவில் அவசரமாகப் பிடித்தவை. கதையும் ஏறக்குறைய ஒன்றேதான். பிள்ளைகளுக்கு அலுத்தால் அல்லவா!

மவுசு குறைந்து படப்பிடிப்பு ஓய்ந்த சமயம், பாய்ட் என்ன செய்தார் தெரியுமா? பண்ணையை விற்று, அந்தப் பழைய படங்களின் உரிமையையே விலைக்கு வாங்கினார்! பார்த்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். 1949-ல் டெலிவிஷன் அவற்றை வீட்டுக் கூடத்துக்கே கொண்டு வந்தது. மறு வருஷம், பள்ளிப் பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாவிலும் காஸிடியின் முகம்!